மணலுக்குள் தூங்கிய மஞ்சள் மீன்

ராஸ் என்றொரு மீன் குடும்பம் இருக்கிறது. பவளப்பாறைகளுக்கு நடுவே வாழ்வது. விரல் நீளத்தில் ஒன்று, ஆள் உயரத்தில் ஒன்று. பெரிய மீனின் வாய்க்குள்ளேயே புகுந்து சுத்தம் செய்வது ஒன்று. பெண்ணாக வளர்ந்து பாதியில் ஆணாக மாறுபவை நிறைய. இதையெல்லாம் இப்போது யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், மூச்சு விடாமல் சொல்வேன். ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் மஞ்சள் மீனைக் காணவில்லை.

ஓசூரில் எங்கள் வீடு ஷிப்ட் கணக்கில் ஓடியது. அம்மா முதல் ஷிப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அப்பாவுக்கு அந்த மாதம் நைட் ஷிப்ட். அம்மா போன பிறகு வந்து, தனியாக இட்லி சாப்பிட்டு, என்னையும் அண்ணனையும் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுப்பார். அவர் கதவு சாத்தியிருந்தால் எங்கள் வீட்டில் குக்கர்கூட யோசித்துத்தான் விசில் அடிக்கும்.

மாற்றலாகிப் போன சூப்பர்வைசர் ஒருவர் விட்டுச் சென்ற உப்புநீர்த் தொட்டிக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பெங்களூரிலிருந்து அந்த மீனை வாங்கிவந்தார். அன்று மதியம் சுற்றிச் சுற்றி நீந்தியது. மறுநாள் பள்ளிவிட்டு வந்து தொட்டி விளக்கைப் போட்டால் வெறும் தண்ணீர். அதற்கடுத்த நாளும் அப்படியே. காலையில் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் நாங்கள் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

“செத்துக் கரைஞ்சு போயிருக்கும்” என்றான் அண்ணன். நான் அழுதேன்.

“அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. ஆசையா வாங்கினாரு, பாவம். நிம்மதியாத் தூங்கட்டும்” என்றார் அம்மா.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா, நாற்றம் வருமுன் கழுவிவிடலாம் என்று தொட்டி மணலைத் தண்ணீரோடு அள்ளி பக்கெட்டில் போட்டார். ரோஜாச் செடிக்குக் கொட்டட்டுமா என்று கேட்டேன்.

“உப்பு மணலுடி, செடி கருகிடும். ரோட்டோரம் கொட்டிட்டு வா.”

வாசல்வரை பக்கெட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். சத்தத்தில் அப்பா எழுந்து வந்தார்.

“என்ன பண்றீங்க எல்லாரும்?”

“மீன் செத்து ஒரு வாரமாச்சுங்க...”

“செத்துச்சா? காலையில எங்கூட உக்காந்து டிபன் சாப்பிட்டுச்சே!”

“இட்லியா தின்னுச்சு?” என்றான் அண்ணன்.

நான் பக்கெட்டுக்குள் கையை விட்டேன். மணல் நெளிந்தது. ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது, தூக்கம் கெட்ட கோபத்தோடு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆண்ட்டி கன்னடத்தில் என்னவோ கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

இந்த ராஸ் மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். அது வந்த கடல் நமக்குக் கிழக்கே. அங்கே முன்னதாகவே விடிந்து, முன்னதாகவே பொழுது சாயும். புது இடத்திலும் கொஞ்ச நாள் அந்த நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் விளக்குப் போடுவதற்குள் படுத்துவிடும். அப்பா வீடு திரும்பும்போது விழித்திருக்கும்.

“தினமும் அதுகிட்டத்தான் பேசிட்டு இருப்பேன்” என்று அப்பா சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மீன் பிழைத்த சந்தோஷம் எனக்கு. அம்மா கிளம்பிப்போய், நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் திரும்பி ஒரு மீனோடு பேசிக்கொண்டு சாப்பிடுபவரைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.