பேக்கப் சொல்லும்வரை

சித்தப்பாவின் தோல் கையுறைகள் என் வீட்டு ஆணியில் தொங்குகின்றன. விரல் நுனியெல்லாம் கருகல். அவர் சினிமாவில் லைட்மேன். சுடுகிற விளக்கைப் பிடித்துத் திருப்ப அவை வேண்டும்.

'பேக்கப்' என்று மேனேஜர் சொன்னால் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது. சொல்லும்வரை யாரும் விளக்கை விட்டு நகரக் கூடாது. வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரத்தைச் சுருட்டும்போது கத்திய வார்த்தை அது என்பார் சித்தப்பா. "அவன் பூட்டான், வார்த்தை மட்டும் இங்கியே கீது" என்று சிரிப்பார். உண்மையா என்று எனக்குத் தெரியாது. எங்கள் மயிலாப்பூர் சந்தில் அதற்கு வேறு வேலைகளும் இருந்தன. ஒருவனை வேலையை விட்டுத் துரத்தினால் பேக்கப். கடையைக் காலி செய்தால் பேக்கப். செத்துப்போனாலும் அதேதான்.

சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடையாறு பங்களா ஒன்றில் ஷூட்டிங். மூச்சு இழுக்கிறது, உடனே வரச் சொல்கிறார்கள் என்று சொல்ல நான்தான் ஓடினேன். சித்தப்பா ஏணி மேல் நின்றிருந்தார். மேனேஜர் என் தோளில் கைபோட்டு, "ஒரே ஷாட்டு நைனா. ஹீரோ கெளம்பிடுவாரு. பேக்கப் சொன்னதும் என் கார்லயே போங்க" என்றார். நான் கத்தினேன். "சும்மா இருடா, லைட்டு ஆடுது" என்றார் சித்தப்பா. இறங்கவில்லை. ஒரு ஷாட், பல ஷாட் ஆனது. நடுவில் ஹீரோ டீ குடித்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சித்தியின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் யூனிட்டே வந்தது. மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். பாடையைத் தூக்கக் குனிந்த லைட்மேன்களைச் சித்தப்பா நிறுத்தினார். அழவில்லை. கையுறைகளை மாட்டிக்கொண்டு பாடையின் தலைமாட்டைப் பிடித்தார்.

"நீ இன்னும் சொல்லல சார். சொல்லு. அப்பாலதான் தூக்குவோம்."

யாரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் தொண்டைக்குள் என்னவோ முனகினார்.

"கேக்கல சார்."

உரக்கச் சொன்ன பிறகுதான் தூக்கினார்கள். அந்த ஆள் அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை, இன்றுவரை. சித்தப்பா அதன்பின் எந்த ஷூட்டிங்குக்கும் போகவில்லை. வீட்டிலேயே கிடந்து போய்ச்சேர்ந்தார்.

இப்போது என் ஆபீஸில் சாயங்காலம் ஆனால் பையன்கள் "பேக்கப் மச்சி" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒருவரும் யாரையும் கேட்பதில்லை. நல்லதுதான். நானும் எழுந்து வீட்டுக்கு வருகிறேன். கையுறைகள் ஆணியில் இருக்கின்றன. உள்ளே கை இல்லாவிட்டாலும் விரல்கள் எதையோ பிடித்தபடி வளைந்தே நிற்கின்றன.