வெட்கத்தில் சொன்ன பொய்

எனக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. நான் அதிகம் பேசாத ஆள்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு ஒரு நாள் காலையில் பனிக்குடம் உடைந்தது. “தண்ணி பச்சையாப் போகுதுனு நர்ஸம்மாட்ட சொல்லுங்க” என்றாள் மனைவி. போன் செய்ததும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவே தண்ணியின் நிறத்தைக் கேட்டார். மகளைப் பற்றி அதையெல்லாம் பேசக் கூசி, “சாதாரணமாத்தான் இருக்கு” என்றேன். பிறகு ஆட்டோ பிடித்து சுகாதார நிலையத்துக்கு மெதுவாகத்தான் போனோம்.

பேரன் அழாமலே பிறந்தான். நர்ஸம்மா பதறவில்லை. பிள்ளையைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, முகத்தில் குட்டி மாஸ்க் வைத்து, அதோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தாராம். வெளியே நின்ற எனக்கு அழுகுரல் கேட்டது. பிறகு நர்ஸம்மா வெளியே வந்தார்.

“தண்ணி பச்சைனா பிள்ளை உள்ளயே மலம் கழிச்சிருச்சுனு அர்த்தம். பச்சைனு சொல்லியிருந்தா ஆம்புலன்ஸ் அனுப்பி, எல்லாம் தயாரா வச்சிருப்பேன்லண்ணே? மூச்சுத் திணறிப் பிறக்குற பிள்ளைக நீங்க நினைக்கிறத விட நிறைய. தண்ணி நிறம் மாறுனாலும், பிள்ளையோட அசைவு குறைஞ்சாலும், வலி ரொம்ப நேரம் இழுத்தாலும் உடனே சொல்லணும். வெக்கத்த வீட்லயே வச்சுட்டு வாங்க” என்று சிரித்தார். அந்தக் கைகளைக் கும்பிட்டேன்.

இப்போது யார் வீட்டில் பிரசவம் என்றாலும், அந்த வீட்டு ஆண்களிடம் நானே போய் இதைச் சொல்கிறேன். தரையைப் பார்த்தபடிதான் சொல்கிறேன். ஆனாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.