சரோஜம் கேட்டுவிடுவாள்

சரோஜம் வாயைத் திறந்தால் எங்கள் ஊருக்கு ஆகாது. பாறசாலைக்குத் தெற்கே, கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டிய வார்டில் பதினாலு வருடமாக வீடு வீடாகப் போகிற ‘ஆஷா’ சுகாதாரப் பணியாளராக வேலை பார்க்கிறாள். குழந்தைக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை என்று வந்தால் நாற்காலி போடுவார்கள். உறக்கம் வருகிறதா, சாகணும் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் உண்டாக்கிவிடுவாளாம். இந்த முட்டாள்தனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளும் ஒரு காலத்தில் கேட்காதவள்தான். அவள் தம்பி ஜெயதாஸ் ஆறு மாதம் சரியாகச் சாப்பிடாமல், பேசாமல் கிடந்தான். சோம்பேறி என்றார்கள். கடைசி வாரம் எழுந்து குளித்து, சிரித்து, தன் சட்டைகளைக்கூடக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தான். அப்புறம் இல்லாமல் போனான். துக்கத்துக்கு வந்தவர்கள் காதல் தோல்வி என்றார்கள், ஜாதகம் என்றார்கள். அந்தக் கிடப்பையும் இந்தச் சாவையும் ஒருத்தர்கூடச் சேர்த்துப் பேசவில்லை. அது வேறாம், இது வேறாம். அன்றைக்குப் பிறகுதான் சரோஜம் கேட்க ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவின் மகன் ரதீஷ், வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். திரும்பி வந்து எட்டு மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் தங்கை அஸ்வதிக்கு வரன் பார்க்கிற நேரம். இதற்கான மாத்திரை எங்கள் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். ஆனால் வரிசையில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்களே. அதனால் களியக்காவிளையில் எல்லை தாண்டி மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள் கிருஷ்ணம்மா. எல்லைக்கு அப்புறம் இருப்பவர்களுக்குக் கண் கிடையாது என்று இங்கே ஒரு நினைப்பு. அங்குள்ளவர்கள் இதே நினைப்பில் நெய்யாற்றின்கரைக்கு வருகிறார்கள். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் இரண்டு கூட்டமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வாங்கிய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தாள். இரண்டு மாதத்தில் ரதீஷ் உறங்கினான், சாப்பிட்டான். தெளிந்துவிட்டான் என்று மாத்திரையை அவளே நிறுத்தினாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்வதியைப் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்காலம் வரை குழித்துறை அத்தை வீட்டில் போய் இரு என்று ரதீஷைக் காலையிலேயே கிளப்பி விட்டாள் கிருஷ்ணம்மா. அவன் சவரம் செய்து, புதுச்சட்டை போட்டு ஜங்ஷனில் நின்றான். ஆட்டோக்காரன் ஷிஜுவின் கையில் தன் பைக் சாவியைத் திணித்து, நீயே வைத்துக்கொள் என்றான். ஷிஜுவுக்கு வாயெல்லாம் பல். பையன் பழையபடி ஆகிவிட்டான் என்று நானும் சந்தோஷப்பட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சரோஜம் மட்டும் சந்தோஷப்படவில்லை. நேராக வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மக்கா, சாகணும்னு தோணுதா?"

அவன் சிரித்தான். அவள் கையை விடவில்லை. அவன் தலை தாழ்ந்தது.

"உண்டு அக்கா. இன்னைக்காக்கும்."

அவள் அழவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. அவனை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிருஷ்ணம்மா போனை எடுக்கவில்லை. மாத்திரையை அம்மா நிறுத்திவிட்டாள் என்று மட்டும் ரதீஷ் சொன்னான்; என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்களே. ஆட்டோவை அவன் வீட்டுக்கு விடச் சொல்லி, அதில் ரதீஷோடு என்னையும் ஷிஜுவையும் காவல் வைத்துவிட்டு, சரோஜம் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். கிருஷ்ணம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அது வைட்டமின் ஆக்கும் என்றாள். பிள்ளை வாசலில் சாகப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான், இவள் சிரிக்கிறாள். சரோஜத்தின் சத்தம் மெயின் ரோடு வரை கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார்.

சாயாத் தட்டோடு வந்த அஸ்வதி தட்டைத் தரையில் வைத்தாள். அலமாரியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையோடு வந்து ஆட்டோவில் அண்ணனின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது எங்கள் சுகாதார நிலைய வரிசையில் எல்லோரும் பார்க்க நின்று மாத்திரை வாங்குகிறான். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் இல்லை. சரோஜம் வாரம் தவறாமல் போய்க் கேட்கிறாள். அந்த வரன் போய்விட்டது.

போன மாதம் ரேஷன் கடையில் அத்தனை பேர் முன்னால் கிருஷ்ணம்மா சரோஜத்தை மறித்துக்கொண்டாள். "எட்டி, எனக்க மோளுக்க கல்யாணத்த முடக்கினது நீயாக்கும்."

"வேற மாப்பிள்ள வருவான் மாமி," என்றாள் சரோஜம். "வேற ரதீஷ் வருவானா?"

கிருஷ்ணம்மா அரிசிப் பையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. சாலையின் அந்தப் பக்கம் நின்ற ரதீஷ் வந்து அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தான்.