மச்சான் குடிக்கவில்லை

நாற்பத்தெட்டில் எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு அடுத்த வருஷம் நானும் என் அத்தை மகனும் குத்துச்சண்டை பழக ஆரம்பித்தோம். கீரமங்கலம் பக்கம் ஒரு கிராமம். எனக்குப் பதினெட்டு வயது, அவருக்கு இருபத்திரண்டு. பிற்பாடு என் அக்காவைக் கட்டினார். எப்படிப் பார்த்தாலும் எனக்கு மச்சான்தான்.

மலேயாவிலிருந்து திரும்பிய ஒருத்தர் தன் பெட்டியில் ஒரு ஜோடி கிளவுஸ் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குக் கொடுத்தார். எப்படி நிற்பது, எப்படிக் குத்துவது என்று ரெண்டு நாள் காட்டினார். அதோடு சரி.

ஒரு ஜோடிதான் இருந்தது. அதனால் ஒருத்தன் மாட்டிக்கொண்டு குத்த வேண்டும், மற்றவன் வெறுங்கையோடு நின்று வாங்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் நாளே எனக்கு மூக்கில் ரத்தம் வந்து சட்டை நனைந்துவிட்டது. ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நின்றேன்.

"நீயே மாட்டிக்க மாப்ளே. நான் வாங்கிக்கிறேன். என் மண்டை கல்லு" என்றார் மச்சான்.

அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளவே இல்லை.

சாயங்காலம் காட்டு வேலை முடிந்ததும் முந்திரித் தோப்புக்குள் போவோம். அடி வாங்க வாங்க மண்டை இறுகும் என்று நம்பினோம். போரடிக்கிற களத்தைத் தண்ணீர் தெளித்து மிதித்து மிதித்து இறுக்குகிறோமே, அந்த மாதிரி. தினம் அவர் மண்டையில் நூறு குத்து. மச்சானே எண்ணுவார். எழுபதுக்கு மேல் போனால் எண்ணிக்கை தப்பும்.

"எத்தனை மாப்ளே ஆச்சு?"

"நீங்கதானே எண்ணுறீங்க?"

"சரி, முதல்லேர்ந்து போடு."

ரெண்டு பேரும் சிரிப்போம். பிறகு முந்திரிப்பழம் பறித்துத் தின்போம். தொண்டையைப் பிடிக்கும். கண்மாயில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வீட்டுக்குப் போவோம். அந்த நாட்கள் மாதிரி சந்தோஷம் பிறகு எனக்கு வரவில்லை.

திருவிழாக்களில் பந்தயம் வைப்பார்கள். ஒரே சைக்கிளில் போவோம். போகும்போது நான் மிதிப்பேன், வரும்போது அவர் மிதிப்பார். நாலு மூங்கில் நட்டுத் தேங்காய்க் கயிறு கட்டியிருப்பார்கள். அங்கே கிளவுஸ் அவர்களே தருவார்கள். எனக்குக் கை நீளம். எதிராளியின் குத்து என் முகம் வரைக்கும் வருவது அபூர்வம். மச்சான் குட்டை. உள்ளே புகுந்து நாலு வாங்கினால்தான் ஒன்று கொடுக்க முடியும். கூட்டத்துக்கு அவரைத்தான் பிடிக்கும். "ஏ கல்மண்டை! தூங்காம குத்துய்யா!" என்று கத்துவார்கள். ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தன் இவர் நெற்றியில் குத்திவிட்டுக் கையை உதறினான்.

"தலையா இது, அம்மியா?"

"அம்மிதான். ஒங்க ஆத்தாள மிளகா கொண்டாந்து அரைக்கச் சொல்லு" என்றார் மச்சான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான்தான் ஜெயித்தார். துண்டு போட்டார்கள்.

இப்படி ஆறேழு வருஷம். அக்காவுக்கு ரெண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டோம்.

பிறகு ஆலங்குடிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நான் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி ஆனேன். மச்சானையும் சேர்த்துவிட்டேன். முதலில் நன்றாகத்தான் இருந்தார். அறுபதாம் வருஷத்துக்கு மேல் ஆள் மாறினார். பேச்சு குழறியது. சொன்னதையே திரும்பச் சொன்னார். சும்மா இருக்கும்போதே கோபம் வந்தது. நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஒரு நாள் காலையில் லாரிக்குச் சாத்தின பலகையில் மூட்டையோடு ஏறினவர் தடுமாறினார். மூட்டை சரிந்து கீழே விழுந்தது. நெல் அள்ளிக்கொண்டிருந்த பொம்பளை ஒரு சாணில் தப்பினாள். எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளி வந்தார்.

"என்னப்பா, ஒன் மச்சான் போட்டிருக்கானா?"

மதுவிலக்கு இருந்த காலம். குடித்தவனுக்கு ஒரு இடத்திலும் வேலை கிடைக்காது. பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். ரொம்ப நாளாக மனதில் அந்தச் சந்தேகம் இருந்தது. வாயை மோந்து பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலுக்குப் பதிலாகக் குடோன் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அதையும் குடி என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஒன் மச்சான் குடிச்சத நீ பாத்தியா?"

"தள்ளாடுனாரு அக்கா."

"வாடா. வந்து மோந்து பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மச்சான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நடுங்கியது. பொத்தான் ஓட்டையில் சேரவில்லை. கிட்டே போனேன். பழைய சோறும் வெங்காயமும்தான் வாசம் அடித்தது.

மறுநாள் மூன்று பேரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் அவரைக் கோட்டில் நடக்கச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். காதைப் பார்த்தார், அது தடித்துப் போயிருந்தது. மூக்கைப் பார்த்தார்.

"குத்துச்சண்டை போட்டவரா?"

"ஆமாங்க" என்றேன்.

"எத்தனை தடவை மயங்கி விழுந்தார்?"

"பந்தயத்துல ரெண்டு தடவைதாங்க."

"பழகும்போது?"

நான் வாயைத் திறக்குமுன் மச்சான் முந்திக்கொண்டார். அன்றைக்கு அவர் தெளிவாகப் பேசினது அது ஒன்றுதான்.

"பழக்கமெல்லாம் இவன் கைதான் டாக்டர். தெனம் நூறு. நல்ல கைங்க."

பெருமையாகச் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் என் கையையும் நீட்டச் சொன்னார். அசையாமல் நின்றது. நானும் அவரோடு அத்தனை பந்தயமும் போட்டவன்தான், அவருக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். மயக்கம் போடுகிற அடி மட்டும் கெடுதல் இல்லையாம். தினம் விழுகிற சின்ன அடியும் மூளைக்குள் சேர்ந்துகொண்டே போகுமாம். பல வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியுமாம். மண்டை இறுகுவது என்று ஒன்று கிடையாதாம். "ஆனா ஒரே மாதிரி அடி வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரல. அது ஏன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாதுப்பா" என்றார்.

எங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. நாங்கள் ஒரே மாதிரி வாங்கவில்லை. அவர் வாங்கினார், நான் கொடுத்தேன்.

ஊர் வந்ததும் மில்லுக்குப் போனேன். அன்றைக்குக் கூடி நின்ற எல்லாரும் வேலையில் இருந்த நேரம். முதலாளியிடம், "மச்சான் குடிக்கலைங்க. நான் சொன்னது தப்பு. அவரை அடிச்சு இப்படி ஆக்கினதும் நாந்தாங்க" என்றேன். முதலாளி, "களத்துல ஆடு மாடு வராம பாத்துக்கட்டும். நிழல்ல உக்காரச் சொல்லு" என்றார்.

மச்சானிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு மாப்ளே?"

சொன்னேன். "அட போடா, இதுக்கா?" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவருக்கு மில்லில் நடந்ததும் நினைவில்லை, நான் கேட்டதும் நினைவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சிரித்தார். தோப்பில் வாங்கின குத்து மட்டும் ஒன்று விடாமல் நினைவிருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் என் கையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அக்கா ஒரு நாள் சொன்னாள். "அவருகிட்ட எத்தனை தடவைடா கேப்ப? அவரு மறந்துட்டாரு. நாந்தான் மறக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சாப்ட்டுப் போ" என்றாள்.

மச்சான் அறுபத்தெட்டாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். குடிகாரன் என்ற பெயர் இல்லாமல் போனார். அந்த மட்டில் சரி.

இன்றைக்கும் தெருவில் ஒருத்தர் தள்ளாடி வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை, கிட்டே போய்க் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைக்கிறேன். பாதிப் பேர் குடித்துத்தான் இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.