மட்டரா, மர்மரா?

கோகிலவாணிக்கு என்ன வேலை என்று தாராவியில் கேட்டால் தெருவில் பாதிப் பேர் டைப்பிங் என்பார்கள். மீதிப் பேர் சினிமாவில் இருக்கிறாள் என்று கண்ணடிப்பார்கள். இரண்டும் தப்பு. செம்பூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், காது கேளாதவர்கள் படம் பார்ப்பதற்காகத் திரையின் அடியில் ஆங்கில எழுத்துப் போடுகிற வேலை அவளுக்கு. வசனத்தை எழுதினால் மட்டும் போதாது. கதவு தட்டினால் தட்டியது என்று எழுத வேண்டும், குக்கர் விசில் அடித்தால் அதையும் எழுத வேண்டும். ஒரு சத்தம் தப்பினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

காரணம் அவள் தம்பி மாரிக்கண்ணன். குழந்தையில் வந்த ஒரு காய்ச்சல் அவன் காதுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது மன்சூர் அலி பாயின் பட்டறையில் தோல் பை தைக்கிறான். நேராகத் தையல் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. காது கேளாதோர் பள்ளியில் படித்தவன் என்பதால் ஆங்கிலம் மடமடவென்று வாசிப்பான். தமிழ் எழுத்துத்தான் தெரியாது.

வீட்டில் வாய் திறந்து பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவான். குரலைத் தாழ்த்திப் பேசினால்தான் வம்பு. என்ன பேச்சு என்று கையை விரித்துக் கேட்பான். அம்மா பேராச்சி உள்ளங்கையைக் காற்றில் ஆட்டுவாள். ஒண்ணுமில்ல என்று அர்த்தம். சித்தி, சித்தப்பா, வந்த விருந்தாளி எல்லாருக்கும் அதே கையாட்டல். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒன்றுமே பேசவில்லை என்றுதான் அவன் நினைத்துக்கொள்ள வேண்டும்! அந்தக் கையைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிக் கையாட்டாத ஒரே ஆள் கோகிலவாணி. அதனால் அக்கா சொன்னால் சொன்னதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் எழுத்துப் போட்ட தொடர் ஒன்றை லேப்டாப்பில் அவனுக்குப் போட்டுக் காட்டினாள். வெளியாகும் முன்னால் யாருக்கும் காட்டக் கூடாதுதான். பெருமை யாரை விட்டது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி படுத்திருக்கிறாள். கிழக் கணவன் குனிந்து என்னவோ சொல்கிறான், வார்த்தை தெளிவாக இல்லை. கீழே வசனத்துக்குப் பதிலாக அவள் போட்டிருந்த ஆங்கிலச் சொல் ‘மட்டர்’.

மாரிக்கண்ணனின் முகம் சுருங்கியது. சாகக் கிடக்கிறவளை எதற்குத் திட்டுகிறான் என்று கையால் கேட்டான்.

திட்டவில்லை, பிரியமாகச் சொல்கிறான் என்றாள் அவள்.

அவன் அந்தச் சொல்லை விரலால் குத்திக் காட்டினான். அவன் பார்த்த படங்களில் எல்லாம் மட்டர் பண்ணியவர்கள் முதலாளியிடம் ஏச்சு வாங்கியவர்கள், வாசலுக்கு வெளியே போய்க் கறுவியவர்கள். கோகிலவாணி போனில் அகராதியைத் தேடினாள். மட்டர் என்றால் முணுமுணுத்தல். மர்மர் என்றாலும் முணுமுணுத்தல். மம்பிள் என்றாலும் அதே. அவர்கள் திருநெல்வேலி வீட்டுப் பேச்சிலோ இன்னும் மோசம். காய்ச்சல்காரனும் மொணங்குவான், மாமியாரும் மொணங்குவாள், புதுமாப்பிள்ளையும் மொணங்குவான். அந்தக் காதோடுதான் அவள் ஆங்கிலம் எழுதிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒன்றுதான் என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். மாரிக்கண்ணன் அவளைப் பார்த்தபடியே உள்ளங்கையைக் காற்றில் ஆட்டினான். ஒண்ணுமில்ல. பிறகு எழுந்து வெளியே போனான்.

அந்தக் கை தன் பக்கம் ஆடும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுக் காதைத் திறந்து வைத்தாள். கால் மிதிபட்ட ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பல்லுக்குள்ளேயே யாரையோ வைதுகொண்டு வந்தார். அதுதான் மட்டர். பரீட்சை மார்க்கைக் கேட்ட அம்மாவிடம் ஒரு பெண்பிள்ளை உதட்டைப் பிரிக்காமல் பதிலை மென்று விழுங்கியது. அது மம்பிள். முன் சீட்டில் ஒருத்தி, மடியில் தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. மர்மர்! ஆங்கிலேயன் ஒன்றும் பொழுது போகாமல் மூன்று சொல் வைக்கவில்லை. நம்மிடமும் கறுவலும் குசுகுசுப்பும் முனகலும் இருக்கத்தான் செய்கின்றன. அகராதிக்காரர்தான் அவசரப்பட்டுவிட்டார்.

ஸ்டுடியோவில் பொறுப்பாளர் மாலதி. மாட்டுங்காத் தமிழர். மதியம் ஃபைல் போயாக வேண்டும். அந்த மட்டரை மாற்ற வேண்டும் என்று போய் நின்றாள் கோகிலவாணி.

“சலேகா கோகிலா, விட்டுடு. ஒரு வார்த்தை. யாரு பாக்கப் போறா?”

பம்பாயில் எந்த அரைகுறை வேலையையும் ‘பரவாயில்லை, ஓடும்’ என்கிற இந்தச் ‘சலேகா’ ஒன்று கரையேற்றிவிடும். கோகிலவாணி நகரவில்லை.

“எந்தம்பி பாப்பான் மேடம். நீங்களும் ஒருக்கா சத்தமில்லாம பாருங்க.”

மாலதி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். கிழவர் குனிந்தார். மாலதி காட்சியைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தார்.

“எவ்வளவு ஆசையா சொல்றார். நானும் இதைப் படிச்சுட்டுத்தானே ஓகே போட்டேன். சரி, எல்லா எபிசோடையும் எடு.”

இருவருமாக உட்கார்ந்து திருத்தியதில் ஃபைல் சாயங்காலம்தான் போனது. மேலிடத்தில் விழுந்த ஏச்சை மாலதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கோகிலவாணி தம்பியை எதிரில் உட்கார வைத்து, அவன் விரல்களைத் தன் தொண்டையில் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சித்தப்பாவை வைதாள். வாய்க்குள் மென்றாள். பிறகு சின்ன வயதில் அவனைத் தூங்க வைக்கச் சொல்வதைச் சொன்னாள். கடைசியாக விஸ்பர், குசுகுசுப்பு. தொண்டையில் அதிர்வே இல்லை, காற்று மட்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி, மறுபடி என்று கேட்டான். பிறகு, ‘மர்மர்’ என்று திருத்திய காட்சியைப் பார்த்தான்.  அடுத்த எபிசோடைத் தானே போட்டுக்கொண்டான்.

அடுப்படியிலிருந்து மீன்குழம்போடு வந்த பேராச்சி, திரையையும் பிள்ளைகளையும் பார்த்து நின்றாள். வாய்க்குள் என்னவோ சொன்னாள்.

மாரிக்கண்ணன் பார்த்துவிட்டான். என்ன என்று கையை விரித்தான். பழக்க தோஷத்தில் அவள் உள்ளங்கை மேலே எழும்பியது.

அவன் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். மறு கையை அம்மாவின் தொண்டையில் வைத்தான்.

“ஏட்டி கோகிலா, இவன் என்னட்டி செய்யுதான்?”

“நீ சொன்னத திருப்பிச் சொல்லும்மா. அதே மாதிரி.”

பேராச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகனின் முகத்தைப் பார்த்து, அதே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எம்மவ எழுதுதா. எம்மவன் படிக்கான்.”

மாரிக்கண்ணன் தொண்டையிலிருந்து கையை எடுக்காமல் அக்காவின் பக்கம் திரும்பினான். மற்றக் கையின் விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினான். மர்மர்.