தலை சீவிவிட்டு மைக்கைத் தொடுபவர்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், படகுச் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். சாயம் பூசிய மீசை, கழுத்து நிறைய பவுடர். ஆழ்கடலுக்குப் போன படகு கூப்பிட்டால் முதலில் தலை சீவுவார். பிறகுதான் மைக்கைத் தொடுவார். நடுக்கடலில் இருப்பவனுக்கு இவர் முகம் தெரியும் என்று நினைப்போ என்னவோ.

போன ஐப்பசியில் என் தம்பியின் படகு, செல்போன் எட்டாத தூரத்தில் இன்ஜின் நின்று தத்தளித்தது. சேதி கேட்டு அந்த அறைக்கு ஓடினேன். இரைச்சலுக்கு நடுவே தம்பி அழுதான்: "தண்ணி ஏறுது சார், யாரையாவது அனுப்புங்க!"

இவர் நிதானமாகச் சீப்பைப் பையில் வைத்தார். "அழுவாத. படகு பேரு, நிக்கிற எடம், மொறையா சொல்லு. பேசி முடிச்சா ஓவர்னு சொல்லணும். எத்தினி தடவ சொல்றது?"

"யோவ், அங்க உசுரு போவுது, நீ பாடம் நடத்துறியா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி ஒழுங்காகச் சொல்லி முடித்த பிறகே, அந்தப் பக்கம் போன கப்பலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

தம்பி பிழைத்து வந்தான். "அந்தாளு அதட்டலன்னா எனக்கு எடம் சொல்லவே வாய் வந்திருக்காதுக்கா" என்கிறான்.

இருக்கலாம். அவரைப் பார்த்தால் நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. திட்டவும் முடியவில்லை.