பூசையன்று ஊற்றிய எண்ணெய்

புஷ்பவள்ளியின் வேனுக்குத் தோட்டத்தில் நல்ல பேர் இருந்தது. செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து மம்பாவ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போய் இறக்குவாள். கணவன் சுகுமாறனுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வண்டியைத் துடைப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தினமும் காலையில் பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் கோட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள்தான். ஊரார் பெற்ற பிள்ளைகள் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களே என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்துக்குத்தான் கடைசியில் அப்படி ஒரு மரியாதை கிடைத்தது.

ஆயுத பூசை வந்தது. பொட்டு வைக்கிற நேரத்தில் வண்டியில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பெட்ரோல், தண்ணீர், எண்ணெய் எல்லாம் தளும்ப நிற்க வேண்டும். ஊற்றுவது கொழுந்தன் தர்மேந்திரன். லாரி ஓட்டுகிறவனாயிற்றே, வண்டி விஷயமெல்லாம் அவனுக்கு அத்துப்படி என்று வீடே நம்பியது. சுண்டலை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்த புஷ்பவள்ளி, பிரேக் எண்ணெய் டப்பாவில் அவன் என்ஜின் எண்ணெயைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“தம்பி, அது பிரேக் எண்ணெய் இல்லீங்களே.”

“அது தீந்துபோச்சு அண்ணி. எண்ணெய்னா எண்ணெய்தான்லா. நல்ல நாள்ல கொறையா வைக்கக் கூடாது.”

அவள் சுகுமாறனைப் பார்த்தாள். “அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சி? கற்பூரத்த கொண்டா,” என்றான் அவன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் சுண்டல் தின்றார்கள்.

கொஞ்ச நாளில் பிரேக் மிதி கீழே இறங்க ஆரம்பித்தது. மிதித்தால் பிடிக்கும், காலை அழுத்தியே வைத்திருந்தால் மெல்ல மெல்லத் தரைக்குப் போகும். திறந்து பார்த்தால் எண்ணெய் கொஞ்சமும் குறையவில்லை. வீட்டில் சொன்னாள். “ஒங்க காலு பலம் அவ்வளவுதான் அண்ணி,” என்று தர்மேந்திரன் சிரித்தான். சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து அவன் கூட்டாளி கல்யாணத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட்க நாதியில்லை.

திங்கட்கிழமை தோட்டத்து இறக்கத்தில் மிதி நேராகத் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் வண்டியை உரசிச் சாய்த்து நிறுத்தினாள். அதே தோட்டத்துத் தாயம்மாவின் மகனுக்கு உதடு கிழிந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி ரோட்டோரத்தில் உட்காரவைத்து எண்ணிப் பார்த்தாள்.

பட்டறைக்கார நல்லசாமி மாஸ்டர் பம்பைக் கழற்றினார். மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பம்பு அது. உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறிய கடலை மாதிரி உப்பிக் கிடந்தன.

“என்ஜின் எண்ணெய் பட்டா இந்த ரப்பர் இப்படித்தான் ஆவும். யாரு ஊத்துனது?”

தர்மேந்திரன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளி வாய் திறப்பதற்குள் சுகுமாறன் சொன்னான்.

“தெனமும் தொறந்து பாக்கறது இவதான்.”

அவள் தர்மேந்திரன் பக்கம் திரும்பினாள். “பூசையன்னிக்கு நீங்கதானே தம்பி ஊத்துனீங்க,” என்றாள். அவன் கைபேசியோடு வெளியே நகர்ந்தான். பிள்ளைகளைப் பெற்றவர்களும் அங்கேதான் நின்றார்கள். “அதுக்குத்தான் பொம்பள கையில வண்டியக் குடுக்கக் கூடாதுங்கறது,” என்றாள் தாயம்மா. சொன்னவளும் பொம்பளைதான்.

பம்பு புதிதாக மாறியது. சாவியும் கை மாறியது. லாரி வேலையை விட்டுவிட்டு வேனை இப்போது தர்மேந்திரன் ஓட்டுகிறான். பானெட்டை யாரும் திறப்பதில்லை.

அவன் ஓட்ட ஆரம்பித்த முதல் நாள் காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. புஷ்பவள்ளி தன் மகள் விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேனைத் தாண்டி நடந்தாள்.

“ஏன்மா நடக்கறோம்?” என்றது பிள்ளை.

ஜன்னல் வழியே தலையை நீட்டி தர்மேந்திரன்தான் பதில் சொன்னான். “ஒங்கம்மாவுக்குப் பிரேக் போட தெரியாது பாப்பா. அந்தப் பயம் இன்னும் போவல.”

வேனுக்குள் அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். விமலா அம்மாவின் கையிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.